மொசைக் தரையைச் சுவரில் தெறிக்கவிட்ட கதை

வழக்கமாக எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருபவரிடம், மகள் அறையில் ஒரு சுவரில் மட்டும் பெயின்ட்டைத் தெறிக்கவிட்டுப் புள்ளி புள்ளியாகச் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முப்பது வருஷமாகச் சொட்டு விழாமல் அடிக்கத்தான் சார் நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம். சொட்டு விழவைப்பதற்கு என்னைக் கூப்பிடுகிறீர்களே" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அவருக்குக் கை வராது என்பது குரலிலேயே தெரிந்தது. பட்டி பார்ப்பது, பிரைமர், அடிப்பூச்சு மூன்றும் அவர் பொறுப்பு. தெறிக்கவிடுவது என் பொறுப்பு என்று பேசி முடித்தோம்.

அம்மாவின் எதிர்வினை இன்னும் நேரடியாக இருந்தது. "பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு, தரையில் தெறித்த சுண்ணாம்பை இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தவள் நான். நீ காசு கொடுத்துத் தெறிக்கவிடப் போகிறாயா?"

யோசனை என்னுடையது அல்ல, எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகளுடையது. அவள் காட்டிய படங்களில் எல்லாம் கண்ணைக் கூசவைக்கும் இளஞ்சிவப்பும் வானநீலமும் ஊதாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. மூன்று மாதத்தில் அவளுக்கே சலித்துவிடும் என்று எனக்குப் பட்டது. சலித்த பிறகு அந்தச் சுவரோடு வாழப் போவது நாங்கள். நிறம் எதிலிருந்து எடுப்பது என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தீர்வு காலடியில் கிடந்தது.

திருச்சி கே.கே. நகரில் இருக்கும் இந்த வீட்டை அப்பா 1988இல் கட்டினார். அந்தக் காலத்து வழக்கப்படி எல்லா அறைகளிலும் மொசைக் தரை. சிமென்ட் கலவையில் சலவைக்கல் சில்லுகளைச் சேர்த்துப் பரப்பி, இறுகிய பிறகு மெஷின் வைத்துத் தேய்த்து, கடைசியில் ஆக்சாலிக் அமிலம் போட்டு மெருகேற்றுவார்கள். தேய்க்கும்போது பால் போன்ற குழம்பு வாசல் வழியாக வழிந்து தெருவரை ஓடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தரையை இத்தனை வருடமாகக் கூட்டியும் துடைத்தும் வருகிறோமே தவிர, உற்றுப் பார்த்ததில்லை. மகளிடம் ஒரு சாக்பீஸ் கொடுத்து, ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் போட்டு, சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிய சில்லுகளை நிறவாரியாக எண்ணச் சொன்னேன். வெள்ளையும் சாம்பலும் சேர்ந்து 61, பச்சை 34, கறுப்பு 22, மஞ்சள் 9. செங்கல் நிறத்தில் ஒன்றே ஒன்று. எப்படியோ மூட்டையில் தவறி வந்து சேர்ந்த சில்லாக இருக்க வேண்டும்.

எண்ணி முடித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. சில்லுகள் எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஓரிடத்தில் நான்கைந்து பச்சை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு வெறும் சாம்பல். இருந்தும் நின்று பார்க்கும்போது தரை முழுவதும் ஒரே சீராகத் தெரிகிறது. சுவரிலும் இதுவே வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சாம்பல் கலந்த வெள்ளை அடிப்பூச்சு. அதன்மேல் பாட்டில் பச்சை, காப்பித்தூள் நிறம் கலந்த கறுப்பு, கடுகு மஞ்சள். இளஞ்சிவப்பைக் கைவிட மகள் வைத்த ஒரே நிபந்தனை, அந்தச் செங்கல் நிறமும் ஒரே ஒரு சொட்டு இருக்க வேண்டும் என்பது.

முதலில் நாங்கள் மனத்தில் வைத்திருந்தது கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவர். அதற்கு மறுபுறம் குளியலறை. பெயின்டர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓதம் இருக்கும்போல என்று சந்தேகப்பட்டார். ஓர் அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டோம். மறுநாள் தாளின் உட்புறம் வியர்த்திருந்தது. ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். அறையின் ஈரப்பதத்தால் வருவதாக இருந்தால் தாளின் வெளிப்புறம் வியர்க்கும். அந்தச் சுவரில் என்ன அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். குழாயைப் பார்க்காமல் அதில் கை வைப்பது வீண் என்று விட்டுவிட்டோம். எதிர்ச்சுவரில் இதே சோதனை செய்தபோது தாள் காய்ந்தே இருந்தது. 11 அடி அகலம், 9 அடி உயரம், ஜன்னல் இல்லை, ஒரே ஒரு சுவிட்ச் பெட்டி. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவரும் அதுதான். ஓதம் ஒருவகையில் நல்லது செய்தது.

அதில் இருந்தது பழைய டிஸ்டெம்பர். ஈரத் துணியால் தேய்த்தால் கையோடு வந்தது. அதன்மேல் நேராக எமல்ஷன் அடித்தால் பூச்சு சுவரைப் பிடிக்காது, டிஸ்டெம்பர் தூளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். பெயின்டர் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டினார், இரண்டு கை பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டார், பிரைமர் அடித்தார். இந்த வேலைகளைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நான் டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் தடுத்தேன். பக்கச் சுவரின் ஜன்னல் சட்டத்தில் பழைய எனாமல் பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. அதையும் கையோடு உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்றார். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1988இல் அடித்த எனாமலில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தூசியைக் குழந்தை தூங்கும் அறையில் பறக்கவிட எனக்கு மனம் இல்லை. உரிந்த இடங்களை ஈரத் துணியால் துடைத்து, மேலே ஒரு பூச்சு கொடுத்து மூடிவிட்டோம்.

அடிப்பூச்சு இரண்டு கை. பளபளப்பு இல்லாத மேட் எமல்ஷன். பளபளப்பான பூச்சில் தவறி விழுந்த சொட்டை எளிதாகத் துடைத்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். உண்மைதான். ஆனால் பட்டியில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். மேலும், தவறி விழுவதற்காகவே விழவைக்கப்போகும் சொட்டைத் துடைத்து என்ன ஆகப்போகிறது?

அடிப்பூச்சு நன்றாகக் காயட்டும் என்று விட்ட இரண்டு நாளில் ஒத்திகையைத் தொடங்கினேன். புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, மிச்சமிருந்த அடிப்பூச்சை அதில் அடித்து, மாடியில் தரையில் விரித்தேன். பச்சையைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு அங்குலப் பிரஷ்ஷில் தோய்த்து விசிறினேன். அவ்வளவு அழகு! வட்ட வட்டமாக, விளிம்பு கலையாமல், நடுநடுவே நூல் போன்ற இழைகளுடன் இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் நாளையே சுவரில் இறங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அட்டையைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு சொட்டும் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணீர் விட்டிருந்தது.

தெறிப்பு ஓவியத்துக்குப் பேர்போன அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக் 1947 முதல் துணியைத் தரையில் விரித்துப்போட்டு, குச்சியாலும் காய்ந்து விறைத்த பிரஷ்ஷாலும் எனாமல் பெயின்ட்டை ஊற்றியும் சொட்டவிட்டும் வரைந்தார் என்று படித்திருக்கிறேன். படித்தபோது அது ஏதோ கலைஞனின் கிறுக்கு என்று நினைத்திருந்தேன். தரையில் விழுந்த பெயின்ட் விழுந்த இடத்திலேயே கிடக்கும், சுவரில் விழுந்தது கிடக்காது என்ற சங்கதி அட்டையை நிமிர்த்திய பிறகுதான் உறைத்தது. லாங் ஐலண்டில் அவர் வேலை செய்த களஞ்சியம் இன்றும் இருக்கிறது. துணிக்கு வெளியே சிந்தியதெல்லாம் சேர்ந்து அதன் தரையே ஓர் ஓவியமாகிவிட்டதால், பார்க்க வருபவர்களுக்கு மெத்தென்ற செருப்புக் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். என் தரைக்கு அந்தப் பெருமை வேண்டாம் என்று அன்றே தீர்மானித்தேன்.

அதன்பின் ஒத்திகை எல்லாமே அட்டையை நிமிர்த்தி வைத்துத்தான் நடந்தது. 100 மில்லி பெயின்ட்டுக்கு 50 மில்லி தண்ணீர் விட்டதுதான் முதல் தவறு. எமல்ஷன் ஒரு விசித்திரமான பொருள். பிரஷ் ஓடும்போது இளகும். ஓட்டம் நின்றதும் தடித்து நின்றுகொள்ளும். சுவரில் அடித்தவுடன் வழியாமல் இருப்பது இந்தக் குணத்தால்தான். தண்ணீரை அளவுக்கு மீறி விட்டால் அந்தக் குணமே செத்துப்போகும். பயந்துபோய் அடுத்த முறை 10 மில்லி மட்டும் விட்டேன். இப்போது பிரஷ்ஷை விட்டு வரவே மறுத்தது. வந்ததும் எச்சில் துப்பினாற்போல் கட்டி கட்டியாக ஒட்டியது.

மாடிக்குத் துணி காயப்போட வந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கிண்ணத்தில் இருந்த குச்சியைத் தூக்கிப் பார்த்து, "இது மோர்" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "இது களி" என்றார். "ஆப்ப மாவுக்குக் கொஞ்சம் மேலே, தோசை மாவுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும்போல. நீ என்ன மில்லிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய்?"

நான் மில்லிக் கணக்கையும் விடவில்லை. என்னிடம் இருந்த பெயின்ட்டுக்கு 100க்கு 25 என்ற அளவு சரியாக வந்தது. ஆனால் அது பச்சைக்கு மட்டுந்தான். மஞ்சள் டப்பாவிலேயே இளக்கமாக இருந்ததால் அதற்கு 15 போதும். ஆகவே அம்மாவின் பதம்தான் கடைசியில் அளவுகோல். குச்சியைத் தோய்த்துத் தூக்கினால் இரண்டு மூன்று நொடி நூலாக ஒழுகி, பிறகு அறுபட்டுச் சொட்டாக விழ வேண்டும். நூல் அறுபடவே இல்லை என்றால் தண்ணீர் போதாது. தூக்கியதுமே சொட்டினால் தண்ணீர் அதிகம். அதோடு சொட்டின் அளவும் முக்கியம். சட்டைப் பொத்தான் அளவுவரை நின்றது. அதற்கு மேல் பெரிதானால் எந்தப் பதத்திலும் கொஞ்சமாவது இறங்கியது. கலக்கிய பெயின்ட்டைப் பழைய மல் வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்வது நல்லது. டப்பாவின் மேல் படிந்த ஆடை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அது சுவரில் போய்க் கொசுவாக உட்காரும்.

அறையை மூடுவதற்கு ஒரு முழு நாள் போயிற்று. தெறிக்கவிட்ட நேரமோ மொத்தமாக மூன்று மணிக்கும் குறைவு. கட்டில், அலமாரி வெளியே போயின. தரைக்கு முதலில் செய்தித்தாள் போடலாம் என்றிருந்தேன். பெயின்டர் வேண்டாம் என்றார். ஈரம் பட்டால் தாள் ஊறி, மை தரையில் ஒட்டிக்கொள்ளுமாம். கடையில் எடைக்கு விற்கும் கனமான பாலித்தீன் தாளை வாங்கி விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டினேன். வெறும் பாலித்தீன்மேல் ஸ்டூல் போட்டு ஏறுவது வினையை விலைக்கு வாங்குவது. அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டிகளை விரித்த பிறகுதான் கால் நின்றது, சிந்திய பெயின்ட்டையும் துணி குடித்துக்கொண்டது. கூரைக்கும் சுவருக்கும் இடையே டேப் ஒட்டி, அதிலிருந்து இரண்டடி அகலத்துக்குக் கூரையையும் மூடினேன். மின்விசிறியின் றெக்கைகளுக்குப் பழைய தலையணை உறைகளை மாட்டினேன். அறைக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே டேப் ஒட்டினேன். பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் ஆளுயரத்துக்கு மேல் வரை தாள். எல்லாம் முடித்து நின்று பார்த்தபோது மிகுந்த பெருமிதமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் மூடாமல் கிடந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

மே மாதம், கத்திரி வெயில். மின்விசிறி போட முடியாது. காலை ஆறரைக்குத் தொடங்கினோம். அதற்குள்ளாகவே வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது. ஒரு சொட்டு நேராக என் கண்ணாடியில் வந்து மோதியதை வைத்துச் சொல்கிறேன். வெயிலில் ஒரு நன்மை, சுவரில் பட்ட சொட்டு ஐந்து நிமிடத்தில் இறுகிவிடுகிறது. தீமை, கிண்ணத்தில் இருப்பதும் இறுகுகிறது. கால் மணிக்கு ஒரு முறை ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, மறுபடி நூல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தெறிக்கவிடுவதில் மூன்று கைவேலை இருக்கிறது. விசிறுவது, தட்டுவது, சுண்டுவது. பிரஷ்ஷைத் தோய்த்து மணிக்கட்டால் விசிறினால் பெரிய சொட்டுகளும் இழைகளும் கிடைக்கும். இடது கையில் ஒரு கட்டையைப் பிடித்து, அதன்மேல் பிரஷ்ஷின் கழுத்தைத் தட்டினால் மிளகு அளவுச் சொட்டுகள் ஓரிடத்தில் கும்பலாக விழும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று தட்டினால் கும்பல் நெருக்கமாக இருக்கும். மூன்றடி தள்ளினால் விரிந்து பரவும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்துக் கட்டைவிரலால் சுண்டினால் ரவையைத் தூவினாற்போல் இருக்கும். இதற்கு மட்டும் பெயின்ட் மோர்ப் பதத்தில் இருந்தாலும் பரவாயில்லை. புள்ளி சிறியது, ஒழுகுமுன் காய்ந்துவிடும்.

நான்காவதாக ஒன்றும் சேர்ந்தது. தென்னந்துடைப்பத்தில் இருந்து பத்துப் பதினைந்து ஈர்க்குகளை உருவி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். நான் வீசியபோது கோடு கோடாகத்தான் விழுந்தது. அறை வாசலில் நின்ற அம்மா, "கொடு இப்படி" என்று வாங்கி இரண்டே வீச்சு வீசினார். மணி மணியாக விழுந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தினமும் வாசல் தெளித்த கை. கவனித்துப் பார்த்ததில், நான் கையை வீசியபடியே கொண்டுபோகிறேன், அதனால் பெயின்ட் இழுபடுகிறது. அம்மா வீசிய கையைப் பாதியில் சட்டென்று நிறுத்துகிறார். கை நின்ற இடத்தில் பெயின்ட் பிரிந்து பறக்கிறது. அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பிரஷ்ஷிலும் எனக்கு வேலை எளிதாயிற்று. ஈர்க்குக் கட்டை அம்மா திருப்பித் தரவில்லை. மஞ்சளில் பெரும்பகுதி அவர் போட்டதுதான்.

பச்சையை முதலில் முடித்தோம். முக்கால் மணி நேரம் கழித்துச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது ஏதோ உறுத்தியது. சுவர் முழுக்கக் காற்றில் சாய்ந்த பயிர்போல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், முக்கால்வாசிச் சொட்டுகளுக்கும் வால் இருந்தது, எல்லா வாலும் வலது மேல்மூலையையே காட்டின. நான் வலது கைக்காரன். ஸ்டூலில் ஏறச் சோம்பல்பட்டு இடது பக்கம் தரையில் நின்றபடியே மேல்நோக்கி வீசியிருக்கிறேன். நேராக மோதும் சொட்டு வட்டமாக இருக்கும். சாய்வாக மோதும் சொட்டு நீளும், போகும் திசையில் வால் நீட்டும். அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம் இருந்தால் அது சுவரோடு 30 டிகிரியில் மோதியது என்று கணக்கே போட்டுவிடலாம். குற்றம் நடந்த இடத்தில் ரத்தத் துளிகளைப் பார்த்து, அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று தடயவியலார் சொல்வது இந்தக் கணக்கில்தான். என் சோம்பலுக்கும் சுவரே சாட்சி சொல்லிவிட்டது.

கறுப்புக்கு ஸ்டூல் போட்டேன். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று இடம் மாறி நின்றேன். கடைசியாக ஸ்டூலில் ஏறிக் கீழ்நோக்கியும் வீசினேன். சாய்வு உடைந்தது. இன்னொன்றும் பழகியது. ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே இரண்டடி விலகி நிற்பது. விலகாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெற்றிடம் எல்லாம் குறையாகவே தெரியும்; நிரப்பக் கை பரபரக்கும். தரையில் உள்ளங்கை அளவு வெறும் சாம்பல் இருந்ததை மகள்தான் அடிக்கடி நினைவுபடுத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கறுப்பை முடித்துத் திரும்பியபோதுதான் பின்சுவரைப் பார்த்தேன். பிரஷ்ஷை முன்னால் வீசுமுன் பின்னால் ஓங்குகிறோம் அல்லவா, அந்த ஓங்கலிலும் பெயின்ட் பறக்கிறது. பின்சுவரில் வரிசையாக ஏழெட்டுக் கறுப்புச் சொட்டுகள், ஒன்று நாள்காட்டியில். அன்றைய தேதியின்மேல் சரியாக ராகு காலத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேட் பூச்சு ஆதலால் சுவர்ச் சொட்டுகளைத் துடைக்கத் துடைக்கப் பரவியது. பிறகு காயவிட்டு, சுரண்டி, தொட்டுப் பூசிச் சரிசெய்தேன். நாள்காட்டியில் இருந்த சாட்சியம் மறுநாள் காலை தாளோடு கிழிந்து போயிற்று.

மஞ்சளுக்குப் பிறகு சுவரைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தும் புள்ளிகள் தனியாக, சுவர் தனியாக நின்றன. கறுப்பு மட்டும் ஏதோ ஈ மொய்த்தாற்போல் முன்னால் தள்ளிக்கொண்டு தெரிந்தது. இதற்குப் பழைய வித்தை ஒன்று உண்டு: கடைசிச் சுற்றாக அடிப்பூச்சு நிறத்தையே தெறிக்கவிடுவது. வெண்சாம்பலைத் தட்டியும் சுண்டியும் மேலே போட்டதும், பச்சை கறுப்புச் சொட்டுகளின்மேல் அங்கங்கே வெள்ளை விழுந்து, அவை சுவருக்குள் ஓரடி பின்வாங்கியதுபோல் ஆயிற்று. மொசைக்கில் சிமென்ட் செய்கிற வேலையை இந்தக் கடைசி வெள்ளை செய்கிறது. முழு வேலையில் நான் யாருக்காவது ஒன்றைச் சொல்லித் தர வேண்டுமென்றால் இந்தச் சுற்றைத்தான் சொல்வேன். மூன்று நிறத்தோடு நிறுத்தியிருந்தால் இன்னேரம் மறுபடி வெள்ளையடித்திருப்போம்.

செங்கல் நிறச் சொட்டுக்கு மகள் மட்டும் உள்ளே போனாள். குங்குமச் சிமிழ் அளவு பெயின்ட், ஒரு தீக்குச்சி. எங்கே போட்டாள் என்று கேட்டால் தேடிக்கொள்ளுங்கள் என்கிறாள். இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தேன், ஆனால் இங்கே எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டேப்பைப் பெயின்ட் முழுவதும் இறுகுமுன் உரித்துவிட வேண்டும் என்பது தெரிந்தும், அன்று மத்தியானம் களைப்பில் படுத்துவிட்டேன். மாலையில் உரித்தபோது கூரையோரம் நான்கு இடத்தில் சொட்டும் சேர்ந்து பிய்ந்து வந்தது. பிளேடால் டேப்பின் விளிம்பை முதலில் கீறிக்கொண்டு உரித்த பிறகு சரியாக வந்தது. பிய்ந்த நான்கு இடத்தையும் தீக்குச்சியால் தொட்டு வைத்தேன். தெறிப்புச் சுவரில் ஒட்டுவேலை செய்வது எவ்வளவு சுகம்! எந்தப் பிழையும் இன்னொரு சொட்டாகிவிடும்.

செலவு, பட்டி முதல் டேப் வரை பொருளுக்கு மட்டும் 3,400 ரூபாய்க்குள் முடிந்தது. பெயின்டருக்கு இரண்டு நாள் கூலி தனி. மூன்று நிறமும் 200 மில்லி சிறிய டப்பாக்கள். கடை மெஷினிலேயே கலந்து வாங்கியவை. வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் என்ற அடர்நிறக் குழம்பை ஊற்றி நானே கலக்கலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். வெளிர் நிறத்துக்கு அது சரி. பாட்டில் பச்சை வரும்வரை ஊற்றினால் ஸ்டெய்னரின் அளவு எல்லை மீறி, பெயின்ட் சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும் என்று கடைக்காரர் தடுத்துவிட்டார். மூன்றிலும் பாதிக்கு மேல் மிச்சம். தெறிக்கவிடுவதற்குப் பெயின்ட் மிகக் குறைவாகவே செலவாகிறது. அதைச் சுற்றி மூடிய பாலித்தீனுக்குத்தான் காசு.

ஏழு மாதம் ஆகிறது. பெயின்டர் ஒருநாள் வந்து பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒழுகல் இல்லை சார்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ். குறை என்று பார்த்தால், பெரிய சொட்டுகள் சுவரைவிட மேடாக நிற்பதால் அவற்றின் தலையில் தூசி தங்குகிறது. துணியால் துடைத்தால் நூல் மாட்டிக்கொள்கிறது, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டியிருக்கிறது. பச்சையின் சாய்வு இன்னும் எனக்கு மட்டும் தெரிகிறது.

மிச்சப் பச்சையையும் மஞ்சளையும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். இது உள்சுவருக்கான பெயின்ட், வெளியே தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதே ஈர்க்குக் கட்டை வைத்துக்கொண்டு மாடியில் இருந்த பதினொரு மண் தொட்டிகளுக்கும் ஒரே காலையில் தெளித்து முடித்துவிட்டார். பேத்தி அருகில் நின்று, "அப்பாயி, இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் தொட்டியின் ஈரம் உள்ளிருந்து தள்ளி, ஆறு தொட்டிகளில் புள்ளிகள் உரிந்துவிட்டன. மீதி ஐந்து அப்படியே இருக்கின்றன. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவை கறிவேப்பிலைத் தொட்டிகள் என்கிறார் அம்மா.